கட்டைவிரல் உள்ளேயா, வெளியேயா? பவுலிங்கில் பந்தை விடும் முறைகள்: ஓர் ஒப்பீடு

பத்துப் பின்களைப் பந்தால் சாய்க்கும் டென்பின் பவுலிங்கில் பொழுதுபோக்காக ஆடிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் தீவிரமாக இறங்கியதும் முதலில் கேட்பது, "பந்தை எப்படி வளைப்பது?" என்றுதான். பக்கத்து லேனில், அதாவது பந்து உருளும் தடத்தில், ஒருவர் கட்டைவிரலைத் துளைக்குள் வைக்காமலே வீசுகிறார். இன்னொருவர் இரண்டு கையாலும் பந்தை ஏந்தி ஓடிவருகிறார். மூன்றாமவர் நேராகவே உருட்டிவிட்டு, இவர்கள் இருவரையும்விட அதிகப் புள்ளிகளோடு வீட்டுக்குப் போகிறார். யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கட்டைவிரலை உள்ளே வைத்து, மணிக்கட்டை நேராக வைத்து, விடும்போது மட்டும் கையை லேசாகத் திருப்பும் முறைதான் பொருந்தும். நல்ல உடல்வாகும் பயிற்சிக்கு நேரமும் உள்ளவர்கள் இரண்டு கை முறைக்குப் போகலாம். கட்டைவிரல் இல்லாத ஒற்றைக் கை வீச்சு பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும் நீண்டநாள் கணக்கில் நஷ்டம். நேர் பந்தை யாரும் கைவிடக் கூடாது, காரணம் ஸ்பேர், அதாவது முதல் பந்தில் மிஞ்சிய பின்களை இரண்டாவது பந்தில் சாய்ப்பது. இதற்கெல்லாம் அடிப்படை என்ன என்பதைத்தான் கீழே விரித்துச் சொல்கிறேன். எல்லாம் வலக்கைக்காரர்களை வைத்து எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

வளைவு எதற்கு?

வீசுபவர் தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் வரை 60 அடி. லேனின் அகலமோ சுமார் மூன்றரை அடிதான். வலது ஓரத்திலிருந்து நேராக வீசினாலும், முன்னால் நிற்கும் 1ஆம் பின்னுக்கும் அதன் வலது பின்புறம் நிற்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவில் இருக்கும் 'பாக்கெட்'டுக்குள் பந்து நுழையும் கோணம் ஒன்றரை டிகிரியைத் தாண்டாது. ஸ்ட்ரைக் விழ, அதாவது முதல் பந்திலேயே பத்தும் சாய, அதிக வாய்ப்புத் தருவது 4 முதல் 6 டிகிரி வரையிலான கோணம். பந்து வளைந்து வந்தால்தான் அந்தக் கோணம் கிடைக்கும்.

கோணம் ஏன் முக்கியம் என்றால், ஒரு சுத்தமான ஸ்ட்ரைக்கில் பந்து நேரடியாகத் தொடுவது நான்கே நான்கு பின்களைத்தான்: 1, 3, 5, 9. மற்ற ஆறும் பின் மேல் பின் விழுந்து சாய்பவை. நேர் பந்து முதல் பின்னில் மோதியதும் வலது பக்கம் விலகி ஓடப் பார்க்கும். அப்போது நடுவில் இருக்கும் 5ஆம் பின் பிழைத்துவிடும். வளைந்து வரும் பந்து இடது பக்கம் தள்ளிக்கொண்டே போவதால், மோதலின் விலகலைத் தாண்டி 5ஐயும் 9ஐயும் போய்ச் சேர்கிறது.

ஆக, வளைவு தேவைதான். ஆனால் எவ்வளவு தேவை என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 6 டிகிரிக்கு மேல் கோணம் கூடக் கூட லாபம் கூடிக்கொண்டே போவதில்லை. லேனின் பாதியை அளந்துவிட்டு வரும் பந்து கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான்.

விடும் அந்தக் கணத்தில் கைக்குள் நடப்பது

எந்த முறையை எடுத்தாலும் அடிப்படை ஒன்றே. கட்டைவிரல் துளைக்குள் இருந்தால் அது முதலில் வெளியே வர வேண்டும். அதன் பிறகு ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குப் பந்தின் எடை முழுவதும் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் தங்குகிறது. அந்த இரு விரல்கள் பந்தின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றனவோ, அதை வைத்தே பந்து சுழலும் திசை அமைகிறது. கட்டைவிரல் வெளிவருவதற்கும் மற்ற விரல்கள் வெளிவருவதற்கும் உள்ள இடைவெளி பெரிதானால் சுழற்சி அதிகம். இரண்டும் ஒன்றாக வெளிவந்தால் சுழற்சி அநேகமாக இல்லை.

கடிகார முகப்பை வைத்து இதைச் சொல்வது வழக்கம். விடும்போது கட்டைவிரல் 12 மணியைக் காட்டினால், விரல்கள் பந்தின் அடியில் நேர் பின்னால் இருக்கும். பந்து நேராக உருளும். கட்டைவிரல் 10 அல்லது 11 மணியில் இருந்தால் விரல்கள் பக்கவாட்டுக்கு வந்துவிடும், பந்து இடது பக்கம் வளையும். 1 அல்லது 2 மணிக்குப் போனால் பந்து வலது பக்கம், அதாவது தப்பான பக்கம், திரும்பும்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வளைப்பதற்காகக் கையை முன்கூட்டியே திருப்பிவிடுகிறார்கள். பந்து கணுக்கால் அருகே வருவதற்குள் கை பந்தின் பக்கவாட்டைத் தாண்டி மேலே ஏறிவிடும். பார்க்க வேகமாகச் சுழல்வது போலத் தெரியும், ஆனால் பம்பரம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றுமே தவிர லேனைப் பிடித்து வளையாது. விரல்கள் கடைசிவரை பந்தின் பின்னால், அடியில் இருக்க வேண்டும். திருப்பல் கடைசியில், தானாக நடப்பது போல இருக்க வேண்டும்.

நேர் பந்து

உள்ளங்கை பின்களைப் பார்க்க, கட்டைவிரல் 12 மணியில், மணிக்கட்டு லேசாகப் பின்னால் சாய்ந்தபடி விடுவது. கற்றுக்கொள்ள எளிது. லேன் மேல் பூசிய ஆயில் எங்கே அதிகம், எங்கே குறைவு என்ற கவலை பெரும்பாலும் இல்லை. கை, தோள், முதுகு எதற்கும் கூடுதல் பளு கிடையாது.

குறை ஒன்றுதான்: ஸ்ட்ரைக் வீச்சில் பிழைக்கு இடம் குறைவு. பாக்கெட்டில் சரியாகப் பட்டால்கூட 5ஆம் பின்னோ வேறு ஏதாவதோ நின்று எரிச்சல் மூட்டும்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஆட்டம் முழுக்க ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லை, ஒவ்வொரு முறையும் முதல் பந்தில் 9 பின், இரண்டாவதில் மிச்சம் ஒன்று, கடைசிக் கூடுதல் பந்திலும் 9 என்று ஆடினால் மொத்தம் 190. பந்தைப் பிரமாதமாக வளைத்துவிட்டு ஸ்பேரைக் கோட்டைவிடும் ஆட்டக்காரர்களில் பலர் 150ஐத் தாண்டத் திணறுவார்கள். ஸ்பேர் எடுப்பதற்கு நேர் பந்தைவிட நம்பகமானது எதுவும் இல்லை. குறிப்பாக வலது பின்மூலையில் நிற்கும் 10ஆம் பின். லேனின் இடது பக்கம் நின்று குறுக்காக வீச வேண்டிய அந்தப் பந்து வளையத் தொடங்கினால், பின்னுக்கு முன்பே இடது பக்கம் ஓடிவிடும்.

வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர் என்ற அமெரிக்கரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தொழில்முறை பவுலிங்கில் 47 பட்டங்கள் வென்றவர், குதிரைலாடம் எறியும் விளையாட்டிலும் உலகச் சாம்பியன். அவருடைய பந்து பக்கவாட்டில் அதிகம் சுழலாமல் முன்னோக்கி உருண்டு, கிட்டத்தட்ட நேர்கோட்டை ஒட்டியே போகும். அவரிடம் இருந்தது துல்லியம். அதற்காக நாமும் அப்படியே நேராக வீசினால் போதும் என்று சொல்ல வரவில்லை. அவர் வீசியதும் ஹூக் எனப்படும் வளையும் பந்துதான், வளைவு குறைவு, அவ்வளவே.

கட்டைவிரலோடு ஹூக்

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை இது. ஆனால் இதற்குள்ளேயே மணிக்கட்டை வைத்து மூன்று கிளைகள் உண்டு. தேர்வு செய்யும்போது இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

மணிக்கட்டை உள்பக்கம் மடித்து, பந்தை முன்னங்கையோடு அணைத்தபடி வீசுவது ஒன்று. கட்டைவிரல் சீக்கிரம் வெளிவரும், விரல்கள் பந்தில் நீண்ட நேரம் இருக்கும், சுழற்சி எகிறும். 15 பவுண்டு பந்தை, ஊசல்போல் ஆடும் கையின் கீழ்ப்புள்ளியில் மடித்த மணிக்கட்டால் தாங்குவதற்கு முன்னங்கையில் நல்ல வலு வேண்டும். வலு இல்லாதவர்களுக்கு முதல் ஆட்டத்தில் மடிந்திருக்கும் மணிக்கட்டு மூன்றாவது ஆட்டத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அப்போது பந்தும் வேறு மாதிரிப் போகும், ஏன் என்று தெரியாமல் நின்ற இடத்தை மாற்றிக்கொண்டே இருப்போம்.

மணிக்கட்டைப் பின்னால் சாய்ப்பது இரண்டாவது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஏறக்குறைய ஒன்றாக வெளிவரும், சுழற்சி குறையும். பலரும் இதைக் குறையாகவே பார்க்கிறார்கள். ஆனால் ஸ்பேருக்கும், ஆயில் காய்ந்து பந்து அளவுக்கு மீறி வளையும் லேனுக்கும் இதுவே சரியான ஆயுதம்.

மூன்றாவது, நேரான மணிக்கட்டு. முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டில். சுழற்சி நடுத்தரம், தாங்கும் பளுவும் நடுத்தரம். இதன் பெரிய பலம், களைத்துப்போன கையிலும் ஏறக்குறைய அதே நிலையில் நிற்கும் என்பதுதான். தொடங்குபவர்கள் இதில் தொடங்கட்டும். வீசி முடித்த பிறகு ஒருவரோடு கைகுலுக்க நீட்டிய நிலையில் கை முன்னால் வந்தால் திருப்பல் சரியான அளவில் இருந்தது என்று பொருள். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி முடிந்தால் அதிகம் திருப்பிவிட்டீர்கள்.

மணிக்கட்டுத் தாங்கி அணியலாமா என்று கேட்பார்கள். அணியலாம், தப்பே இல்லை. ஆனால் அது மணிக்கட்டை ஒரே கோணத்தில் பிடித்து வைக்கும். ஸ்பேருக்கும் ஸ்ட்ரைக்குக்கும் கை நிலையை மாற்றிப் பழக நினைப்பவருக்கு அது இடைஞ்சலாகவும் ஆகலாம்.

இந்த முறையின் நிஜமான தடை கையில் இல்லை, பந்தில் இருக்கிறது. பவுலிங் மையத்தில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் மேற்பரப்பு கொண்டவை. அவை லேனைப் பிடிப்பதில்லை. விரல்களும் இரண்டாவது கணு வரை உள்ளே போகும்படி துளையிட்டிருப்பார்கள். அந்தப் பிடியில் விரல் தாமதமாக வெளிவருவது கடினம். முதல் கணு வரை மட்டும் விரல் போகும் 'ஃபிங்கர்டிப்' பிடியும், லேனைப் பிடிக்கும் ரியாக்டிவ் ரெசின் மேற்பரப்பும் சேரும்போதுதான் சாதாரணக் கையசைவிலேயே நல்ல வளைவு கிடைக்கும். பொதுப் பந்தை வளைக்க முடியவில்லை என்று கையை முறுக்கி முறுக்கி வீசிப் பழகியவர்கள், பின்னர் சொந்தப் பந்து வாங்கியதும் அந்தப் பழக்கத்தை உதற மிகவும் கஷ்டப்படுவார்கள்.

ஒற்றைக் கை, கட்டைவிரல் வெளியே

இரண்டு விரலை மட்டும் நுழைத்து, பந்தை உள்ளங்கையிலும் முன்னங்கையிலும் தாங்கி வீசுவது. கட்டைவிரல் வெளிவர வேண்டிய பிரச்சினையே இல்லாததால் சுழற்சி சுலபமாகக் கிடைக்கும். பொதுப் பந்தைக்கூடக் கொஞ்சம் வளைக்க முடியும். முதல் வாரத்திலேயே "ஆஹா" என்று தோன்றும். அதனால்தான் இவ்வளவு பேர் இதில் சிக்குகிறார்கள்.

சிக்கல்கள் அப்புறம் வரும். பந்தைக் கட்டைவிரல் பிடிக்காததால் பின் ஊசலை உயர்த்த முடியாது, பந்து நழுவிவிடும். ஊசல் சிறிதானால் வேகம் குறையும். சுழற்சி அதிகம், வேகம் குறைவு என்றால் பந்து பாதி வழியிலேயே வளைந்து, பின்களை அடையும்போது சக்தி தீர்ந்து சோர்ந்து உருளும். அதைச் சரிக்கட்டத் தோளை இழுத்து வீசுவார்கள், திசை போய்விடும். கனமான பந்தை இப்படி வீசினால் மணிக்கட்டும் முழங்கையும் முதலில் புகார் சொல்லும்.

விதி ஒன்றும் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்க பவுலிங் காங்கிரஸ், அதாவது யூஎஸ்பிசி, 2020 ஆகஸ்டு முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, பந்தில் இருக்கும் ஒவ்வொரு துளையையும் ஒவ்வொரு வீச்சிலும் பிடிக்கப் பயன்படுத்தியாக வேண்டும். கட்டைவிரல் துளை உள்ள பந்தைக் கட்டைவிரல் இல்லாமல் வீசினால் அந்த விதி செல்லும் போட்டிகளில் அது முறைகேடு. அப்படி வீசுபவர்கள் இரண்டே துளை உள்ள பந்து வைத்திருக்க வேண்டும். நண்பர்களோடு ஆடும்போது யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் லீக், போட்டி என்று ஆசை இருந்தால் இதை முன்பே மனதில் வைக்கவும். ஒரே பந்தில் ஸ்ட்ரைக்குக்குக் கட்டைவிரல் வெளியே, ஸ்பேருக்கு உள்ளே என்று மாற்றி ஆடவும் இதே விதியால் வழியில்லை.

இரண்டு கை

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை இதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி குழந்தையாக இருந்தபோது கனமான பந்தை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையால் வீசத் தொடங்கி, அப்படியே தொடர்ந்தவர். பின்லாந்தின் ஓஸ்கு பாலர்மாவும் இதே பாணி. பெல்மான்டி 2013, 2014, 2015 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து யூஎஸ்பிசி மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். 2016இல் அதை வென்ற அந்தோணி சைமன்சன் 19 வயது இளைஞர், அவரும் இரண்டு கைக்காரர். 2017இல் மறுபடி பெல்மான்டி. அதற்கப்புறம் வேடிக்கை பார்த்தவர்களே தங்கள் பிள்ளைகளை இந்த முறையில் பழக்க ஆரம்பித்தார்கள்.

பெயர்தான் இரண்டு கை. விடும் கணத்துக்குச் சற்று முன்பு இடது கை விலகிவிடும், பந்தை விடுவது வலது கைதான், பெரும்பாலும் கட்டைவிரல் துளைக்கு வெளியே. இடது கையின் வேலை, கடைசிவரை பந்தைத் தாங்கி, வலது மணிக்கட்டு மடிந்த நிலையிலேயே இருக்க உதவுவது. மேலே சொன்ன மடித்த மணிக்கட்டின் பலன் முழுதும் கிடைக்கிறது, அதன் பளு மட்டும் பாதியாகிறது. அந்தப் பளுவால்தான் ஒற்றைக் கைக்காரர்கள் திணறுகிறார்கள். நிமிடத்துக்கு 400 சுற்றுகளைத் தாண்டும் சுழற்சி இந்த முறையில் சாதாரணம். ஒற்றைக் கையில் அதை எட்டுவதற்கு அபூர்வத் திறமை வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் இதற்கே மாறிவிடலாமே? உடம்பு ஒத்துழைக்க வேண்டும். முதுகை முன்னாலும் பக்கவாட்டிலும் நன்றாகச் சாய்க்க வேண்டும். கடைசிக்கு முந்தைய அடியில் ஒரு சிறு துள்ளல் வேண்டும். ஊசல் சிறியது என்பதால் வேகம் முழுக்க கால்களிலிருந்து வர வேண்டும். இடுப்பு, முழங்கால், கீழ்முதுகு இவற்றில் ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கால்வேகம் இல்லாமல் இரண்டு கையால் வீசினால், கட்டைவிரல் இல்லாத ஒற்றைக் கை வீச்சின் அதே நோய், அதாவது சீக்கிரம் வளைந்து சோர்ந்து போவது, இங்கும் வரும்.

இன்னொன்று, இவ்வளவு சுழற்சியோடு வரும் பந்து ஆயிலின் சின்ன மாற்றத்துக்கும் பெரிதாகப் பதில் சொல்லும். வழக்கமான லேன்களில் சுமார் 40 அடிவரை ஆயில் இருக்கும், நடுவில் கனமாக, ஓரங்களில் மெலிதாக. ஆட்டம் போகப் போக அது கரையும், நகரும். குறைந்த சுழற்சிக்காரர் தளத்தின் பலகைகளில் ஒரு பலகை நகர்ந்து நிற்கும்போது, அதிகச் சுழற்சிக்காரர் நாலைந்து பலகை நகர வேண்டியிருக்கும். லேனைப் படிக்கத் தெரியாமல் சுழற்சியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பயனில்லை.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தொடங்குவதாக இருந்தால் என் முடிவு மாறும். அவர்களுக்கு இரண்டு கை முறையை முதல் நாளிலிருந்தே கற்றுக்கொடுக்கலாம்.

மீதி இரண்டு

பந்து வலது பக்கம் வளையும் 'பேக்-அப்' சிலருக்குக் கையின் அமைப்பாலேயே வந்துவிடும். வலக்கையால் வீசினாலும் முதல் பின்னுக்கு இடது பக்கம் இருக்கும் 1-2 பாக்கெட்டைக் குறிவைத்து ஆடினால் அதிலும் புள்ளி எடுக்கலாம். ஆனால் கையை வெளிப்பக்கம் திருப்பியபடி சுழற்சியை வளர்ப்பது கடினம், முழங்கைக்கும் நல்லதல்ல. திருத்த முடிந்தால் சீக்கிரம் திருத்திக்கொள்வது மேல்.

தைவானில் புகழ்பெற்ற 'ஹெலிகாப்டர்' வீச்சு தனி உலகம். 10, 11 பவுண்டு பந்தை உச்சியில் கைவைத்துத் திருப்பி, நேராக நின்ற அச்சில் சுழலவிடுவார்கள். அந்தப் பந்து வளையவே வளையாது. முதல் பின்னில் பட்டு விலகி, பின்கள் ஒன்றையொன்று தள்ளிச் சாயும். ஆயிலைப் பற்றிக் கவலையே இல்லை என்பது அதன் அழகு. சொல்லித்தர ஆள் கிடைக்காத இடத்தில் இதைத் தனியாகக் கற்பது வீண் முயற்சி.

முடிவெடுக்கும் முன்

உங்கள் வீச்சு உண்மையில் எந்த வகை என்று தெரிய, திரும்பி வரும் பந்தில் ஒட்டியிருக்கும் ஆயில் வளையத்தைப் பாருங்கள். அது விரல் துளைகளுக்கும் கட்டைவிரல் துளைக்கும் சற்று வெளியே, பந்தின் பெரிய சுற்றளவில் ஓடினால் விரல்கள் பந்தின் பின்னால் இருந்தன என்று அர்த்தம். துளைகளை விட்டு வெகுதூரம் தள்ளிச் சின்ன வட்டமாக இருந்தால் கை பந்தின் மேலே ஏறிவிட்டது. செல்போனில் வீடியோ எடுப்பதைவிட இது சட்டென்று உண்மையைச் சொல்லும்.

அடுத்து, துளை. கட்டைவிரல் துளை தளர்வாக இருந்தால், பந்து விழுந்துவிடுமோ என்ற பயத்தில் விரலை மடக்கி அழுத்திப் பிடிப்போம். அழுத்திய விரல் நேரத்துக்கு வெளிவராது. கட்டைவிரலின் உள்பக்க நரம்பு துளையின் விளிம்பில் உரசி உரசி வீங்குவதற்கு மருத்துவத்தில் 'பவுலர்ஸ் தம்ப்' என்று தனிப் பெயரே இருக்கிறது. மரத்துப்போவது, முள் குத்துவது போன்ற உணர்வு வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் துளையைச் சரிசெய்யுங்கள், வலி நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரல் ஒத்துவரவில்லை என்று வெளியே எடுத்தவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் ஒத்துவராதது துளைதான்.

செலவுக்கும் நேரத்துக்கும் ஏற்ப வரிசை போட்டால் இப்படி வரும். மாதம் ஓரிரு முறை மட்டும் ஆடுபவர் நேர் பந்திலேயே இருக்கட்டும், ஸ்பேரைப் பழகட்டும். வாரம் தோறும் ஆடுபவர் கைக்கு அளவெடுத்துத் துளையிட்ட ஒரு ரியாக்டிவ் பந்தும், ஸ்பேருக்கு ஒரு பிளாஸ்டிக் பந்தும் வைத்துக்கொண்டு, நேரான மணிக்கட்டு ஹூக்கைப் பழகலாம். ஏற்கெனவே கட்டைவிரல் இல்லாமல் வீசிப் பழகி, அந்தச் சுழற்சியை விட மனமில்லாதவர் ஒற்றைக் கையிலேயே நிற்காமல் இரண்டு கைக்கு மாறிக்கொள்வது நல்லது. விரல் பிடி ஏறக்குறைய அதேதான், கால்களைத்தான் புதிதாகப் பழக்க வேண்டும்.

எதை எடுத்தாலும், ஓடிவந்து வீசுவதற்கு முன் ஃபவுல் லைனில் நின்றபடி, ஒரே ஓர் அடி வைத்து, ஊசலும் விடுதலும் மட்டும் செய்து பாருங்கள். பின்கள் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டாம். ஃபவுல் லைனிலிருந்து சுமார் 15 அடி தூரத்தில் இருக்கும் அம்புக்குறிகளில் வலமிருந்து இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் பந்து போகிறதா, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சுழல்கிறதா என்று பாருங்கள். பத்துப் பந்தில் ஏழெட்டு அப்படிப் போகும்வரை ஓட்டத்தைச் சேர்க்காதீர்கள். போகவில்லை, மணிக்கட்டும் தளர்கிறது என்றால், கை நிலையை மாற்றுவதற்கு முன் ஒரு பவுண்டு குறைந்த பந்தை எடுத்து மறுபடி முயலுங்கள்.